டீச்சர், கேக்குதுங்களா?

கொரோனாவுக்காகப் பாடசாலைகளை மூடியிருந்த காலத்தில் நான் பலாங்கொடை டவுனில் ஒரு வீட்டின் மேல்மாடி அறையில் வாடகைக்கு இருந்தேன். கீழே வீட்டுக்காரர்கள், துணிக்கடை வைத்திருந்த முஸ்லிம் குடும்பம். நான் படிப்பித்த பாடசாலை அங்கிருந்து பஸ்ஸில் ஒரு மணித்தியால ஏற்றத்தில், தேயிலைத் தோட்டத்துக்குள் இருந்தது. பதினோராம் ஆண்டுக்குத் தமிழ் என் பாடம். வகுப்பில் பத்தொன்பது பேர். அந்த வருடம் அவர்களுக்குச் சாதாரண தரப் பரீட்சை.

இப்போது நான் வேறு பாடசாலையில் இருக்கிறேன். பெரிய பாடசாலை, பெரிய வகுப்பு. பிள்ளைகள் போடும் கூச்சலுக்கு நடுவே நிற்கும்போது சில நாட்களில் போன் திரையில் பார்த்த அந்தக் கறுப்புக் கட்டங்கள் நினைவுக்கு வந்துவிடுகின்றன. திரும்ப வரக் கூடாத காலம்தான் அது. எத்தனையோ பேர் நோயிலும் பசியிலும் கிடந்த காலம். ஆனாலும் அந்த வகுப்புக்காக மனம் ஏங்குகிறது. இதை வெளியே சொல்லக் கூச்சமாக இருப்பதால்தானோ என்னவோ, எழுதிப் பார்க்கிறேன்.

பின்னேரம் ஐந்து மணிக்குத்தான் வகுப்பு வைக்க முடிந்தது. வீட்டில் இருக்கும் ஒரே போன் தகப்பனோடோ தாயோடோ வேலைக்குப் போய், வேலை முடிந்த பிறகுதான் தோட்டத்து வரிசை வீடான லயத்துக்குத் திரும்பி வரும். பத்தொன்பது பேரில் பதினாலு பேர், பதினொரு போன்களில் வந்து சேர்ந்தார்கள். சிக்னல் நன்றாகக் கிடைக்கும் என்று சிலர் கோயில் மேட்டில் ஏறி உட்கார்ந்தார்கள். மற்றவர்கள் லயத்துத் திண்ணையான இஸ்தோப்பிலும் கதவோரத்திலும் எங்கே இரண்டு கோடு சிக்னல் தெரிந்ததோ அங்கே. முகம் காட்டினால் டேட்டா சீக்கிரம் முடிந்துவிடும். அதனால் எல்லாரும் கமராவை மூடி வைத்தார்கள். எனக்குத் தெரிந்தது பதினொரு கறுப்புக் கட்டங்கள். சிலவற்றில் பிள்ளையின் பெயர்கூட இருக்காது, போனுக்குச் சொந்தக்காரரான தகப்பனின் பெயர்தான் இருக்கும்.

முதல் நாள், பாடப் புத்தகத்திலிருந்து ஒரு கதையை எடுத்தேன். அதில் ஒரு தாய், மகன் செய்த களவை ஊருக்குத் தெரியாமல் மறைத்துவிடுவாள். வாசித்து முடித்து, "அந்த அம்மா செஞ்சது சரியா, பிழையா? யாராவது சொல்லுங்க" என்றேன்.

ஒருவரும் வாய் திறக்கவில்லை.

"நான் பேசுறது கேக்குதா?"

திரையின் ஓரத்தில் எழுத்து வந்தது. ஆமா டீச்சர். அதன் கீழே இன்னொரு ஆமா டீச்சர். அதன் கீழே கும்பிடும் கைகளின் படம்.

"கேக்குதுன்னா பதில் சொல்லுங்களேன்."

இன்னும் இரண்டு பேர் கும்பிட்டார்கள்.

பிஸ்கட் தகரம் ஒன்றின் மேல் போனைச் சாய்த்து வைத்திருந்தேன். அந்தத் தகரத்தைப் பார்த்தபடி, சரியாகவும் இருக்கலாம், பிழையாகவும் இருக்கலாம் என்று இரண்டு பக்கமும் நானே பேசினேன். நானே கேள்வி கேட்டேன், நானே மறுத்தேன், நானே முடித்து வைத்தேன். வகுப்பு முடிந்தபோது தொண்டை கட்டியிருந்தது.

உடுப்பை எடுக்கக் கீழே இறங்கினேன். வீட்டுக்கார அம்மா கொடியருகில் நின்றிருந்தார். முஸ்லிம் வீடுகளில் அக்காவைத் தாத்தா என்பார்கள். நானும் அவரை அப்படித்தான் கூப்பிடுவேன்.

"டீச்சர், ஒரு மணித்தியாலமா ஒங்கட சத்தம் மட்டும்தான் கேட்டிச்சு. புள்ளைகள் வரல்லயா?"

"வந்திருந்தாங்க தாத்தா."

"வந்த புள்ளைகளுக்கு வாய் இல்லயா?"

அவர் வேடிக்கையாகத்தான் கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. இதே பிள்ளைகள் வகுப்பறையில் அடக்க முடியாத வாயாடிகள். சிறுகதையோ செய்யுளோ, எதைக் கேட்டாலும் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை பிடிப்பார்கள். இரண்டாவது வாங்கில் சன்னலோரமாக இருக்கும் ஒரு பெண் மட்டும் பேசமாட்டாள். எல்லாரும் கத்தி ஓய்ந்த பிறகு பக்கத்திலிருப்பவள் காதில் ஏதோ சொல்லுவாள். பக்கத்திலிருப்பவள் எழுந்து, "டீச்சர், இவ என்ன சொல்றான்னா..." என்று அதை வகுப்புக்குச் சொல்லுவாள். பல நாட்கள் அன்றைய விவாதத்தில் உருப்படியான வார்த்தை அதுவாகத்தான் இருக்கும். இப்போது காதில் சொல்ல அவளுக்குப் பக்கத்தில் யாரும் இல்லை.

அடுத்த வகுப்புகளில் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கேட்டேன். யாரைக் கூப்பிட்டாலும் அவருடைய கட்டம் மறைந்தது. ஐந்து நிமிடம் கழித்து, 'சிக்னல் போயிருச்சு டீச்சர்' என்று எழுத்து வரும். பலாங்கொடை மலைகளில் சிக்னல் அப்படித்தான் என்று முதலில் நம்பினேன். நான் கேள்வி கேட்கும்போது மட்டும் அது போவது ஏன் என்று யோசிக்க எனக்கு ஒரு கிழமை பிடித்தது.

மூன்றாவது கிழமையில் கட்டுரைக்குப் பயிற்சியாக ஒரு கேள்வி வைத்தேன். படித்து முடித்தவர்கள் தோட்டத்தை விட்டுப் போகத்தான் வேண்டுமா? வழக்கம்போல அமைதி. நான் பேசத் தொடங்கப்போன நேரம், மெல்லிய குரல் ஒன்று வந்தது.

"டீச்சர், கேக்குதுங்களா?"

சன்னலோரத்துப் பெண். 

"கேக்குது, கேக்குது. சொல்லு."

"போறது தப்பில்ல டீச்சர். ஆனா எல்லாரும் போயிட்டா, சிங்களத்துல ஒரு கடுதாசி வந்தாக்கூட வாசிச்சுச் சொல்ல ஆள் இருக்காது. எங்க லயத்துல இப்பவே அப்படித்தான். ஆஸ்பத்திரி துண்டுல என்னா எழுதியிருக்குன்னு தெரியாம..."

அந்த இடத்தில் அவள் குரலுக்குப் பின்னாலிருந்து இன்னொரு குரல் வெடித்தது.

"இந்தா புள்ள! அந்தப் போன வச்சிட்டு வாளியத் தூக்குறியா இல்லியா? பைப்புல தண்ணி நிக்கப் போவுது! பெரிய தொர மாதிரி பேசிக்கிட்டு நிக்கிறா!"

கூடவே ஒரு சேவலும் கூவியது. வகுப்பின் கேலிக்காரன் ஒருவன் மைக்கைத் திறந்து, "பெரிய தொர மாதிரி!" என்று அதே ராகத்தில் சொன்னான். ஒருவர் சிரிக்க, மற்றவர்களும் மைக்கைத் திறந்து சிரித்தார்கள். மூன்று கிழமையாகக் குரலே கேட்காத வகுப்பில் அத்தனை பேரின் சத்தத்தையும் ஒன்றாகக் கேட்ட சந்தோஷத்தில் நானும் சிரித்துவிட்டேன். சிரிப்பு அடங்கிப் பார்த்தபோது அவள் கட்டம் திரையில் இல்லை.

அடுத்த வகுப்புக்கு அவள் வரவில்லை. 'தொர வரலியா?' என்று யாரோ எழுதியிருந்தார்கள். அதற்கும் அடுத்த வகுப்புக்கும் வரவில்லை. அவள் தகப்பனின் போனுக்கு அழைத்தேன். அடித்தது, யாரும் எடுக்கவில்லை.

ஊரடங்கு கொஞ்சம் தளர்ந்த ஒரு நாளில், போன் இல்லாத ஐந்து பிள்ளைகளுக்கும் கொடுக்கவேண்டிய வினாத்தாள்களைக் கட்டிக்கொண்டு ஒரு த்ரீவீல் பிடித்து மேலே போனேன். டவுன் முடியுமிடத்தில் பொலிஸ்காரர் மறித்தார். "டீச்சர் கொஹெத யன்னே?" எங்கே போகிறீர்கள் என்கிறார். தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பேப்பர் கொடுக்கப் போகிறேன் என்று சிங்களத்தில் சொன்னேன். தாள்களைப் புரட்டிப் பார்த்தார். ஒரு எழுத்தும் விளங்காவிட்டாலும் வாத்தியார் மாதிரித் தலையை ஆட்டி, "ஹரி, ஹரி", சரி சரி என்று விட்டுவிட்டார்.

தாள்களைக் கொடுத்துவிட்டுச் சன்னலோரத்துப் பெண்ணின் வீட்டுக்குப் போனேன். அவர்களுடைய லயம், ஸ்டோர் என்கிற தேயிலைத் தொழிற்சாலைக்கு மேலே, கடைசி வரிசைத் தொங்கல். தாய் அப்போதுதான் மலையிலிருந்து வந்திருந்தார். இடுப்பில் கட்டிய சாக்குப் படங்கை அவிழ்க்காமல் அப்படியே ஓடி வந்தார். கொழுந்துக் கறை பிடித்த கைகளைச் சேலையில் துடைத்துத் துடைத்து, கும்பிடுவதா நாற்காலியை இழுப்பதா என்று தவித்தார்.

"நான்தாங்க டீச்சர் கெடுத்துட்டேன். கிளாஸ் நடக்குதுன்னு சத்தியமா எனக்குத் தெரியாதுங்க. சிநேகிதியோட கத பேசுறான்னு நெனச்சேன். நான் கத்துனது எல்லாரு வீட்டுக்கும் கேட்டுச்சாமே?"

"அதனால என்னங்க அக்கா. எல்லா வீட்லயும் நடக்குறதுதானே."

"அன்னையில இருந்து எங்கிட்ட மொகம் குடுத்துப் பேச மாட்டேங்குறா. பக்கத்துக் காம்பரா வீட்டுப் புள்ளைக என்னைய பாத்தா, தொரையம்மா வாறாங்கன்னு சிரிக்குதுங்க."

மகள் வாளியோடு வந்தாள். என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றாள். தாய் சாயத்தண்ணித் தேநீர் ஊற்ற உள்ளே போனார். நாங்கள் இரண்டு பேரும் இஸ்தோப்பில் இடைவெளி விட்டு, முகமூடிகளோடு உட்கார்ந்தோம்.

"ஏன் கிளாசுக்கு வாறதில்ல?" என்று கேட்டேன்.

 வாளியைப் பார்த்தபடி சொன்னாள்.

"எல்லாரும் சிரிச்சாங்க."

"அவங்களுக்கு நான் பேசுறேன்."

"நீங்களும் சிரிச்சீங்க டீச்சர். ஒங்க சத்தம்தான் பெருசாக் கேட்டுச்சு."

நான் சொல்ல நினைத்து வந்த புத்திமதி எல்லாம் அந்த இடத்தில் நின்றுபோனது. உங்கள் குரல்களைக் கேட்ட சந்தோஷத்தில் சிரித்தேன் என்று விளக்கம் சொல்லலாம்தான். அவளுக்கு அதனால் என்ன?

"சிரிச்சது தப்புதான்" என்றேன். "மன்னிச்சிரு."

கையில் கோப்பையோடு வந்த தாய் பதறிப்போனார். "ஐயோ டீச்சர், நீங்க போயி சின்னப் புள்ளக்கிட்ட..."

 மகள் வாளியை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். அன்று அவள் பேசியதைப் போல அதற்கு முன் அவள் பேசி நான் கேட்டதில்லை.

"கிளாஸ்ல பேசுனா பக்கத்துல இருக்கிறவ மொகத்தப் பாத்துக்குவோம் டீச்சர். சரியாப் பேசுறோமா, இல்லியான்னு தெரிஞ்சிரும். இதுல யாரு என்னா நெனைக்கிறாங்கன்னு ஒண்ணுமே தெரியாது. இருட்டுக்குள்ள நின்னு பேசுற மாதிரி."

"ம்."

"அப்புறம் நீங்க ஒரு கேள்வி கேட்டா நாலு எண்ணுறதுக்குள்ள அடுத்ததக் கேக்குறீங்க. மைக்கு பட்டன தேடி அமுக்கவே அவ்வளவு நேரம் ஆகும். அமுக்குறதுக்குள்ள பதிலையும் நீங்களே சொல்லிர்றீங்க. இனி நாங்க என்னாத்த சொல்றது?"

"வேற?"

"மொத நாளே கேள்வியப் போட்டீங்கன்னா நல்லாயிருக்கும். பைப்படியில வரிசையில நிக்கிறப்ப யோசிச்சு வச்சிருப்பேன்."

தாய் வாயைப் பொத்திக்கொண்டு அவளைப் பார்த்தார். "இம்புட்டுப் பேசுறாளே" என்று மெதுவாகச் சொன்னார். அது திட்டு மாதிரி இருக்கவில்லை.

அறைக்குத் திரும்பி வந்து யோசித்தேன். பத்து வருடமாகப் படிப்பித்துக்கொண்டிருந்த எனக்கு, கேள்வி கேட்டுவிட்டுச் சும்மா இருக்கத் தெரியவில்லை. வகுப்பறையில் அது தெரிய வேண்டியும் இருக்கவில்லை. அங்கே அமைதி விழுந்தால் முகங்கள் இருக்கும். ஒருத்தி பேனையைக் கடிப்பாள், ஒருவன் சுவரைப் பார்ப்பான், யோசிக்கிறார்கள் என்று விளங்கும். திரையில் விழும் அமைதிக்கு முகம் இல்லை. எனக்குப் பயமாக இருந்தது. அந்தப் பயத்தில் பேசிப் பேசி நான்தான் அவர்கள் வாயை அடைத்திருக்கிறேன்.

மறு வகுப்பில் முதல் வேலையாக, "போன கிழமை ஒரு வீட்டுச் சத்தத்தக் கேட்டு நான் சிரிச்சேன். அது பிழை" என்று எல்லாருக்கும் சொன்னேன்.  "இனிமே கிளாஸ் தொடங்குறப்ப ஒரு நிமிஷம் எல்லாரும் மைக்கத் தொறந்து வைங்க. அவங்கவங்க வீட்டுச் சத்தம் என்னான்னு சொல்லுங்க. எல்லாத்தையும் முதல்லயே கேட்டுக்குவோம். அதுக்குப் பிறகு சிரிக்க ஒண்ணும் இருக்காது."

முதலில் மழைதான் கேட்டது. தகரத்துக்கு மேல் விழும் மழை, ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒவ்வொரு விதமாக. பிறகு ஒருத்தி, "எங்க வீட்ல தம்பி அழுகுறான் டீச்சர்" என்றாள். கோயில் மேட்டில் இருந்தவன், "காத்து டீச்சர், வேற ஒண்ணுமில்ல" என்றான். கேலிக்காரனின் முறை வந்தது. அவன் வாயைத் திறப்பதற்குள் ஒரு ஆம்பிளைக் குரல், "யன்ன! எலியட்ட யன்ன!" என்று இடி மாதிரி முழங்கியது. வெளியே போ என்று யாரையோ சிங்களத்தில் விரட்டுகிறார்.

"அது எங்க அப்பாங்க டீச்சர்" என்றான் அவன், குரல் கம்மி. "நாய வெரட்டுறாரு. சிங்கள ஊர்ல இருந்து வாங்கிட்டு வந்த நாய். அதுக்குத் தமிழ் வெளங்காது."

சிரிப்பு வந்தது. முதலில் சிரித்தவன் அவன்தான்.

சன்னலோரத்துப் பெண் அன்று வந்திருந்தாள். அவள் முறை வந்தபோது, "எங்க வீட்ல சத்தமில்ல டீச்சர். அம்மா வேணும்னே வெளிய போயிருச்சு" என்றாள். அதற்கு ஒருவரும் சிரிக்கவில்லை.

அதன் பிறகு வகுப்பின் வேலை மெதுவாக மாறியது. முதல் நாளே கேள்வியைக் குரலில் பதிந்து குரூப்பில் போட்டுவிடுவேன். வகுப்பில் அதைத் திரும்பக் கேட்டுவிட்டு, போனைத் தொடாமல் கைகளை மடியில் வைத்து, மனதுக்குள் இருபது வரை எண்ணுவேன். இதைவிடக் கடினமான வேலையை நான் ஆசிரியர் தொழிலில் செய்ததில்லை. பன்னிரண்டு, பதின்மூன்றில் நாக்கு துறுதுறுக்கும். பதினேழில் வியர்க்கும். பெரும்பாலும் பதினெட்டிலோ பத்தொன்பதிலோ யாராவது மைக்கைத் திறப்பார்கள். அந்தச் சின்னச் சத்தம், ஒரு வீட்டின் காற்று திடீரென்று அறைக்குள் வருவது போன்ற அந்த இரைச்சல், இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

ஒரு விதியும் வைத்தோம். பேசுகிறவர், தனக்கு முன் பேசியவர் என்ன சொன்னார் என்பதை முதலில் ஒரு வரியில் சொல்ல வேண்டும். பிறகுதான் தன் கருத்து. தொடக்கத்தில் அது பாடமாக்கிய மாதிரி வந்தது. போகப் போக ஒருவர் பேசும்போது மற்றவர்கள் உண்மையிலேயே கேட்கத் தொடங்கினார்கள். "அவ சொன்னதுல பாதி சரி டீச்சர், மத்தப் பாதிய நான் மறுக்கிறேன்" என்று ஒருவன் சொன்ன நாளில், வகுப்பு முடிந்து கீழே ஓடிப்போய்த் தாத்தாவிடம் அதைச் சொன்னேன். அவருக்கு என்ன விளங்கியதோ, "அப்ப சந்தோசம்தானே" என்று ஒரு தட்டு வட்டிலப்பம் கொடுத்தார்.

நேராகப் பேசக் கூச்சப்படுகிறவர்கள் குரலைப் பதிந்து எனக்கு அனுப்பலாம், அவர்கள் சம்மதித்தால் நான் வகுப்பில் போட்டுக் காட்டுவேன் என்றும் சொல்லியிருந்தேன். போன் இல்லாதவர்கள் தாளில் எழுதி அடுத்த வீட்டுப் பிள்ளையிடம் கொடுத்தார்கள். வாசித்தவர்கள் சும்மா வாசிக்கவில்லை. எழுதியவனுடைய குரலைப் போலவே பேசி வாசித்தார்கள். தோட்டத்தின் அந்தப் பக்கத்தில் இருந்தவனும் இப்படி எங்களுடன் வந்து இருந்தான்.

சன்னலோரத்துப் பெண்ணிடமிருந்து முதலில் இப்படிக் குரல்பதிவுதான் வந்தது. இரண்டு கிழமை அப்படியே போனது. பிறகு ஒரு நாள், பாதியில் நின்றுபோன அந்தப் பழைய தலைப்பை, தோட்டத்தை விட்டுப் போவதா வேண்டாமா என்பதை, மறுபடியும் எடுத்தேன். வேண்டாம் என்று அவள் சொல்லியிருந்தால் எடுத்திருக்க மாட்டேன். முதல் நாளே கேட்டுவைத்திருந்தேன்.

கேள்வியைச் சொல்லிவிட்டு எண்ணத் தொடங்கினேன். ஆறு எண்ணுவதற்குள் கேலிக்காரன் மைக்கைத் திறந்தான். போச்சுடா என்று நினைத்தேன்.

"டீச்சர், நான் அப்புறம் பேசுறேன். அவ அன்னைக்கு பாதியில விட்டாளே, அத மொதல்ல சொல்லி முடிக்கச் சொல்லுங்க. நாந்தானே கெடுத்தேன்."

 நான் எண்ணுவதை விட்டுவிட்டேன்.

"ஆஸ்பத்திரி துண்டு வரைக்கும் சொன்னேன்" என்று அவள் தொடங்கினாள். போன வருடம் அவள் அத்தைக்கு ஆஸ்பத்திரியில் கொடுத்த துண்டில் எந்த நாள் திரும்ப வரவேண்டும் என்று எழுதியிருந்ததை வாசிக்க லயத்தில் ஆள் இல்லை. சிங்களம் எல்லாரும் பேசுவார்கள், எழுத்து தெரிந்தவர்கள் எல்லாரும் டவுனுக்கும் கொழும்புக்கும் போய்விட்டார்கள். நாள் தவறிப்போய், அத்தை மறுபடியும் ஒரு மாதம் காத்திருக்க வேண்டியதாயிற்று. "நான் போக மாட்டேன்னு சொல்லல டீச்சர். எனக்கும் போக ஆசதான். ஆனா போறவங்க, இதெல்லாம் யாரு பாப்பாங்கன்னு ஒருக்கா யோசிச்சிட்டுப் போகணும்."

கேலிக்காரன் அவள் சொன்னதை ஒரு வரியில் சொல்லிவிட்டு மறுத்தான். யோசித்துக்கொண்டே இருந்தால் யாரும் போக முடியாது, போனவர்கள் அனுப்பும் உதவியால்தான் பல வீடுகளில் அடுப்பெரிகிறது என்றான். அவள் மறுத்தாள். இன்னொருத்தி இரண்டு பேரையும் மறுத்தாள். நான் வாயே திறக்கவில்லை. நடுவில் அவள் மைக்கிலிருந்து அந்தக் குரல் வந்தது. இந்த முறை மிகவும் அடக்கமாக.

"டீச்சர், நான் ஒண்ணு சொல்லலாங்களா? இவ அம்மா பேசுறேன்."

"சொல்லுங்க அக்கா."

"கிளாசுக்கு நடுவுல நாங்க பேசப்படாதுதான்."

"பரவாயில்ல, சொல்லுங்க."

"புள்ளைக போகட்டுங்க. நாங்க கஷ்டப்படுறதே அதுக்குத்தானே. ஆனா போன எடத்துல எந்த ஊருன்னு யாராச்சும் கேட்டா, தோட்டத்துப் பேர மறச்சி, பலாங்கொட டவுனுன்னு சொல்லுதுங்க. என் தம்பி மகன் கூட வேல செய்றவன் எங்க வீட்டுக்கே வந்தப்பத்தான் அது எனக்குத் தெரிஞ்சிச்சு. போங்க. ஆனா ஊருப் பேர மாத்திச் சொல்லாதீங்க. அவ்வளவுதாங்க டீச்சர்."

யாரும் பேசவில்லை. அதை எண்ணிப் பார்க்கவும் எனக்குத் தோன்றவில்லை. அந்த அமைதிக்கு முகம் இல்லாவிட்டாலும் பதினாலு பேரும் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று எனக்குத் தெரிந்தது. நான் மட்டும் என்ன? கல்விக் கல்லூரியில் படித்த காலத்தில் எந்த ஊர் என்று கேட்டவர்களுக்கு நான் சொன்னதும் என் தோட்டத்தின் பெயரை அல்ல, பக்கத்து டவுனின் பெயரைத்தான்.

கடைசியில் கேலிக்காரன்தான் பேசினான். "டீச்சர், அவங்க சொன்னத ஒரு வரியில சொல்லணும்னா..." என்று தொடங்கியவன், கொஞ்சம் நிறுத்தினான். "சொல்ல வேணாம் டீச்சர். எல்லாருக்கும் வெளங்கிருச்சு. எங்க அண்ணனும் அப்படித்தான் சொல்றான்."

அந்த வருடம் அவர்கள் எழுதிய கட்டுரைகளை நான் திருத்தியபோது, எல்லாவற்றிலும் இன்னொருவரின் குரல் கேட்டது. "என் நண்பன் இதை ஏற்கமாட்டான், அவன் கூறுவது யாதெனில்" என்று ஒருவன் எழுதியிருந்தான். பரீட்சை பிந்தி நடந்தது. எல்லாரும் சித்தியடையவில்லை. தமிழில் மட்டும் ஒருவரும் தவறவில்லை. கேலிக்காரன் இப்போது கொழும்பில் ஒரு கடையில் இருக்கிறான். சன்னலோரத்துப் பெண் உயர்தரம் படித்தாள், பல்கலைக்கழகத்துக்குப் புள்ளிகள் போதவில்லை. தோட்டத்துப் பாலர் பாடசாலையில் படிப்பித்துக்கொண்டே சிங்களத்தில் ஒரு டிப்ளோமா செய்வதாகக் கேள்விப்பட்டேன். அவளிடம் நான் நேரில் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

பாடசாலை திறந்த முதல் நாள் நடந்ததையும் சொல்ல வேண்டும். முகமூடிகளோடு, ஒரு வாங்குக்கு ஒருவராக வந்து உட்கார்ந்தார்கள். அந்தப் பத்தொன்பது பேரையும் ஒருமுறை விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். கேள்வி ஒன்றைக் கேட்டேன். பதில் வரவில்லை. ஒருவரை ஒருவர் வெட்கத்தோடு பார்த்துக்கொண்டார்கள், ஏதோ புதிதாகச் சந்திக்கிறவர்கள் மாதிரி. உயரமும் குரலும் மாறியிருந்தன. முகம் தெரியாமல் அவ்வளவு பேசியவர்களுக்கு முகத்தைப் பார்த்துப் பேச இரண்டு மூன்று நாட்கள் பிடித்தன.

அதற்கு முந்திய கிழமைதான் கடைசி ஆன்லைன் வகுப்பு. பாடம் ஒன்றும் நடத்தவில்லை. திங்கட்கிழமை எத்தனை மணிக்கு வரவேண்டும், எந்த உடுப்பு என்றெல்லாம் பேசி முடித்து, "சரி, எல்லாரும் போங்க" என்றேன்.

ஒருவரும் போகவில்லை.

"போங்க பிள்ளைகளே."

"நீங்க மொதல்ல போங்க டீச்சர்."

"நான் போனா எல்லாருக்கும் நின்னுரும்."

"அப்ப போகாதீங்க" என்றாள் ஒருத்தி.

அப்படியே இருந்தோம். யாரோ யாரிடமோ கணக்குப் பாடத்தில் சந்தேகம் கேட்டார்கள். யாரோ சாப்பிடும் சத்தம் கேட்டது. மேலே மழை தொடங்கியிருக்க வேண்டும். கோயில் மேட்டில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள், பிறகு மற்றக் கட்டங்களும். இந்த முறை சிக்னல் உண்மையாகவே போய்க்கொண்டிருந்தது. கடைசியில் ஒரே ஒரு கட்டம் மிஞ்சியது. அதில் மகளின் சத்தம் இல்லை. பாத்திரம் கழுவும் ஓசை மட்டும் கேட்டது.

"இருக்கீங்களா டீச்சர்?" என்றார் தாய். "அவ வாளியத் தூக்கிட்டுப் போயிட்டா. போன இப்படியே வச்சிட்டுப் போயிருக்கா. எத அமத்துறதுன்னு எனக்குத் தெரியலீங்க."

"பரவாயில்லக்கா, நான் அமத்துறேன்."

"டீச்சர் சாப்டீங்களா?"

நான் ஒன்றும் சமைத்திருக்கவில்லை. சாப்பிட்டேன் என்று சொன்னேன். என்ன கறி என்று கேட்டார். பருப்பும் சம்பலும் என்றேன். அவரும் அதையே சமைத்ததாகச் சொன்னார். இன்னும் கொஞ்ச நேரம் மழையைப் பற்றியும், அந்த மாதக் கொழுந்தைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தோம்.